டேனிஷ் பேஸ்டல் (உள்ளலங்காரப் பாணி)

டேனிஷ் பேஸ்டல் என்பது 2020-ஆம் ஆண்டை ஒட்டி இளைஞர்களிடையே பரவிய ஒரு வீட்டு உள்ளலங்காரப் பாணி. வெள்ளைச் சுவரும் வெளிறிய மரத்தரையும் இதன் பின்னணி. அதன்மேல் இளஞ்சிவப்பு, புதினாப் பச்சை, வெண்ணெய் மஞ்சள், லாவண்டர் ஊதா, வெளிர்நீலம் ஆகிய மென்னிறங்களில், விளையாட்டுத்தனமான வடிவங்கொண்ட பொருள்கள் இடம்பெறும். அலைபோல் நெளியும் சட்டமிட்ட முகம்பார்க்கும் கண்ணாடி, காளான் வடிவ மேசை விளக்கு, சதுரங்கக் கட்டமிட்ட தரைவிரிப்பு, முறுக்கிய மெழுகுவத்தி, மிட்டாய் நிறக் கண்ணாடிக் கிண்ணம் ஆகியவை ஏறக்குறைய எல்லா அறைகளிலும் காணப்படும். இவற்றுள் பல 1960-கள் முதல் 1980-கள் வரையிலான வடிவங்களின் மறுவரவு. ஆகவே இது பழமை மீட்புப் பாணிகளுள்ளும் சேர்கிறது. இந்தப் பெயரை டென்மார்க்கின் எந்தக் கலைக்கழகமும் சூட்டவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் முடங்கிய உலகம் கோபன்ஹேகன் குடியிருப்புகளின் படங்களை இன்ஸ்டாகிராமிலும் டிக்டாக்கிலும் பார்த்து வியந்தபோது, பார்த்தவர்கள் இட்ட பெயர் இது. அதனாலேயே இதில் டென்மார்க் எங்கே இருக்கிறது என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே எழுந்துவருகிறது. பெயர் பொருத்தமானதுதான் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஆனால் அதற்கான காரணத்தை அந்தப் பொருள்களின் வடிவத்தில் தேடினால் கிடைக்காது. நிறத்திலும் வெளிச்சத்திலும் தேட வேண்டும்.

ஐயுறுவோர் பக்கம் வலுவான சான்றுகள் உண்டு. டேனிஷ் வடிவமைப்பு என்றதும் உலகம் நினைவுகூர்வது மரத்தை. 1924-இல் கோபன்ஹேகன் அரச கலைக்கழகத்தில் அறைகலன் பயிற்சித் துறையைத் தொடங்கிய கோர கிளின்ட், பழைய நாற்காலிகளை அளந்து, மனித உடலின் அளவுகளைக் கணக்கிட்டு, வேண்டாததைக் கழிப்பதே வடிவமைப்பு என்று கற்பித்தார். அந்த மரபில் வந்த ஹான்ஸ் வேக்னரின் 1949-ஆம் ஆண்டு வட்ட நாற்காலியில்தான் 1960-இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சி விவாதத்தின்போது அமர்ந்தார்கள். தேக்கு, ஓக், பின்னிய கயிறு, தோல் ஆகியவற்றின் இயற்கை நிறங்களே அந்த மரபின் நிறங்கள். மறுபுறம், டேனிஷ் பேஸ்டலின் முத்திரைப் பொருளான நெளிவுக் கண்ணாடியின் மூதாதை இத்தாலியில் பிறந்தது: எத்தோரே சொத்சாஸ் 1970-இல் பொல்த்ரோனோவா நிறுவனத்துக்காக வடிவமைத்த, சட்டத்துக்குள்ளிருந்து இளஞ்சிவப்பாய் ஒளிரும் அல்ட்ராஃப்ரகோலா. கோடும் கட்டமும் வளைவும் கலந்த விளையாட்டு, அதே சொத்சாஸ் 1980 டிசம்பரில் மிலானில் கூட்டிய மெம்ஃபிஸ் குழுவின் சொத்து. இன்று இந்தப் பாணியின் படங்களில் அடிக்கடி தென்படும் தடித்த கோப்பைகளையும் நெளிவுக் கண்ணாடிகளையும் செய்த குஸ்தாஃப் வெஸ்ட்மன் ஸ்டாக்ஹோமில் பணிபுரியும் சுவீடன் நாட்டவர். வடிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதினால் டென்மார்க்கின் பங்கு சிறியதே.

ஆயினும் டேனிஷ் என்றால் மரம் என்ற சித்திரமும் ஏற்றுமதிக்காக வரையப்பட்டதுதான். 1954 முதல் 1957 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் சுற்றிய 'டிசைன் இன் ஸ்காண்டிநேவியா' கண்காட்சியும், 1951 முதல் 1970 வரை வழங்கப்பட்ட லுன்னிங் பரிசும், வடநாடுகளின் கைவினையை அமெரிக்க வாங்குநருக்கு ஒரே முகத்துடன் அறிமுகம் செய்தன. இயற்கையான பொருள், நேர்மையான வேலை, அடக்கமான தோற்றம் என்ற அந்த முகம் பொய்யன்று. ஆனால் முழுமையும் அன்று. அது விட்டுவிட்டவற்றுள் முதன்மையானது நிறம். 1848-இல் கோபன்ஹேகனில் திறக்கப்பட்ட தோர்வால்சன் அருங்காட்சியகத்தில் வெண்பளிங்குச் சிலைகளுக்குப் பின்னணியாக அறைக்கு அறை வெவ்வேறு அழுத்தமான நிறத்தைக் கட்டடக் கலைஞர் பின்தஸ்பூல் பூசினார். செதுக்கிய தேக்கு நாற்காலிகளுக்காகப் புகழ்பெற்ற ஃபின் யூல், 1942-இல் ஓட்ரப் புறநகரில் தமக்கெனக் கட்டிய வீட்டில் கூரையின் உட்புறங்களுக்கும் வண்ணம் தீட்டினார். மேலே வெளிறிய மஞ்சளைப் பூசினால், சன்னல் வழியே வந்து தெறிக்கும் பகலொளி வெயில் படிந்த கூடாரத் துணியின் அடியில் இருப்பதுபோல் இதமாகும் என்பது அவர் கணக்கு. நியூயார்க் ஐ.நா. தலைமையகத்தில் 1952-இல் அவர் முடித்துக்கொடுத்த அறங்காவல் மன்ற அரங்கின் கூரையிலும் வண்ணப் பெட்டிகள் வரிசையாகத் தொங்குகின்றன. மர நாற்காலியின் படத்தில் இவை எதுவும் தெரிவதில்லை. நாற்காலி கப்பலேறியது, அதைச் சூழ்ந்திருந்த நிறம் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அந்த நிறத்தின் வேர் வானிலையில் இருக்கிறது. கோபன்ஹேகன் ஏறத்தாழ 55.7 பாகை வட அகலாங்கில் அமைந்த நகரம். டிசம்பரின் குறுகிய நாளில் சுமார் 7 மணி நேரமே பகல். சூரியன் தொடுவானத்தை ஒட்டியே நகர்ந்து மறைந்துவிடும். ஜூனில் பகல் 17 மணி நேரத்தைத் தாண்டும், அப்போதும் ஒளி சாய்வாகவே வீழும். இத்தகைய ஊரில் சுவரும் தரையும் வெளிச்சத்தை விழுங்கக்கூடாது. எனவேதான் மரத்தரைக்குக் காரநீர் பூசி, சோப்பு நீரால் துடைத்து, மஞ்சளேறாமல் வெளிறவைக்கும் வழக்கம் அங்கு வேரூன்றியது. மென்னிறம் என்பது ஒரு நிறத்தில் வெள்ளையை மிகுதியாகக் கலந்து பெறுவது. நிறத்தின் இயல்பு தங்கியிருக்கும், அதேவேளை விழும் ஒளியின் பெரும்பகுதி அறைக்கே திரும்பும். மங்கிய பகலில் அடர்நீலச் சுவர் கருத்துப்போகும், வெளிர்நீலச் சுவர் நீலமாகவே நிற்கும். இருண்ட பருவம் நீளும் நாட்டில் நிறத்தை விட்டுக்கொடுக்காமல் வெளிச்சத்தையும் காப்பதற்கு மென்னிறம் ஒரு நல்ல வழி. அதை வெறும் இனிப்புச் சுவையாக மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

செயற்கை ஒளியிலும் இதே அக்கறை தொடர்ந்தது. 1920-களின் நடுப்பகுதியிலிருந்து பல அடுக்கு மறைப்புகள் கொண்ட விளக்குகளை உருவாக்கிய போல் ஹென்னிங்சென், கண்கூசும் பல்பை மறைத்து, அதன் ஒளியை மட்டும் மேசைக்குக் கொண்டுவருவதில் வாழ்நாளைச் செலவிட்டார். லூயிஸ் போல்சன் நிறுவனத்துக்காக 1958-இல் அவர் வடிவமைத்த பிஎச் 5 தொங்குவிளக்கின் உள்ளே சிவப்பும் நீலமும் பூசிய சிறு மறைப்புகள் இருக்கின்றன. மனிதக் கண் நிறமாலையின் நடுவிலுள்ள மஞ்சள், பச்சைக்கே மிகுதியாக இசைந்தது. இரு முனைகளிலும் உள்ள சிவப்பும் நீலமும் மங்கித் தெரிவதை ஈடுசெய்ய அவர் கண்ட உத்தி அது. நிறத்தை மேற்பூச்சாகக் கருதாமல் வெளிச்சத்தைத் திருத்தும் கருவியாகக் கையாண்ட இந்தச் சிந்தனை, மரத்தை மட்டும் போற்றிய வரலாறுகளில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. பிஎச் 5 இன்று இளஞ்சிவப்பு உள்ளிட்ட நிறங்களிலும் விற்கப்படுகிறது.

விளையாட்டுத்தனத்துக்கும் டென்மார்க்கிலேயே ஒரு தந்தை உண்டு: வெர்னர் பான்டன் (1926–1998). 1950-களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஆர்னே யாகப்சனின் அலுவலகத்தில் பணியாற்றியவர் அவர். 1958-இல் ஃப்யூன் தீவில் தம் பெற்றோர் நடத்திய விடுதியை முழுதும் சிவப்பாக மாற்றினார். அவருடைய கூம்பு நாற்காலி அங்குதான் முதலில் வைக்கப்பட்டது. ஒரே வார்ப்பில் உருவான அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியை 1967-இல் வித்ரா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1970-இல் பாயர் நிறுவனத்துக்காக கொலோனில் ஒரு கப்பலுக்குள் அவர் அமைத்த விசியோனா 2, தரைக்கும் சுவருக்கும் கூரைக்கும் வேறுபாடில்லாத வண்ணக் குகை. டேனிஷ் பேஸ்டல் அறைகளில் தவறாமல் இருக்கும் காளான் விளக்கின் மூலப்பிரதிகளுள் முக்கியமானது, 1971-இல் அவர் லூயிஸ் போல்சனுக்கு அளித்த பான்தெல்லா. மலிவுப் பதிப்புகள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அந்த அரைக்கோளத் தொப்பியும் கீழ்நோக்கி விரியும் தண்டும் டேனிஷ் கையெழுத்தே. வடிவமைப்பாளர் நானா டிட்செல் இன்னும் அமைதியாக அதே வேலையைச் செய்தார். க்வாத்ராத் நிறுவனம் இன்றளவும் நெய்துவரும் அவருடைய ஹாலிங்தால் துணி 1965-இல் உருவானது. 1989-இல் அவர் வடிவமைத்த இருவர் இருக்கை, கோடுகள் விரியும் அதன் முதுகுப்பகுதியால், மரபை மதித்துக்கொண்டே அதை மீறியது. இவ்விருவரையும் விதிவிலக்குகள் என்று ஒதுக்குவது வரலாற்றாசிரியர்களின் வசதிக்காகச் செய்யப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

பான்டனின் நிறங்கள் கனன்றவை, செம்மஞ்சளும் சிவப்பும் ஊதாவும் உரக்கப் பேசுபவை, அவற்றிலிருந்து மென்னிறப் பாணி எப்படிப் பிறக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கனலைத் தணித்தது 2000-களின் கோபன்ஹேகன். மெத்தே, ரோல்ஃப் ஹே தம்பதி 2002-இல் தொடங்கிய ஹே நிறுவனமும், 2006-இல் தோன்றிய மூட்டோவும், ஃபெர்ம் லிவிங்கும், வெள்ளை அறைகளுக்கு ஏற்ற இடைநிறங்களை நாற்காலிக்கும் தட்டுக்கும் துவாலைக்கும் ஒரே தொகுதியாகக் கொண்டுவந்தன. மெம்ஃபிஸ் தொடர்பு நேரடியாகவே நிகழ்ந்ததும் இங்குதான். அக்குழுவின் தொடக்க உறுப்பினர்களான நத்தாலி தூ பஸ்கியே, ஜார்ஜ் சவுடன் இருவரும் பின்னாளில் ஹே நிறுவனத்துக்காக வடிவமைத்தார்கள். சவுடனின் மின்கெண்டியும் ரொட்டி வாட்டும் டோஸ்டரும் புதினா, மஞ்சள் போன்ற வெளிர்நிறங்களில் வந்தன. இத்தாலிய வடிவம் வழிதவறி டேனிஷ் பெயரைப் பெற்றது என்று சொல்வதைவிட, அவ்வடிவத்தைக் கோபன்ஹேகன் அழைத்துவந்து தன் வெளிச்சத்துக்கு ஏற்ப வெளுக்கவைத்தது என்பதே சான்றுகளுக்குப் பொருந்தும். ஹெல்லே மார்தாலின் கோபன்ஹேகன் பட்டறையிலிருந்து வாயால் ஊதி வரும் கண்ணாடிக் கிண்ணங்கள் இந்தப் போக்கின் உச்சம். ஒளி ஊடுருவும்போது மட்டுமே அவற்றின் நிறம் உயிர்பெறுகிறது. பழைய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன: யாகப்சனின் 1955-ஆம் ஆண்டு சீரீஸ் 7 நாற்காலியை ஃப்ரிட்ஸ் ஹான்சன் 2020-இல் கார்லா சோட்சானி தேர்ந்த 16 புதிய நிறங்களில் வெளியிட்டது.

இந்த வெளுப்பில் ஓர் இழப்பும் உண்டு. 1981 செப்டம்பரில் மிலானில் தன் முதல் கண்காட்சியைத் திறந்த மெம்ஃபிஸ், நல்ல ரசனை என்ற அதிகாரத்தோடு சண்டையிட்டது. சன்மைக்கா என்று நம் தச்சர்கள் சொல்லும் லேமினேட் தகட்டை விலையுயர்ந்த மரத்தின் பக்கத்திலேயே ஒட்டி, எது உயர்ந்தது என்று கேட்டது. டேனிஷ் பேஸ்டலில் அந்தக் கேள்வி இல்லை. வளைவு எஞ்சியிருக்கிறது, வாதம் போய்விட்டது. ஆனால் எல்லாப் பாணியும் வாதிட வேண்டியதில்லை. அடைபட்ட ஓர் ஆண்டில், சிறு அறைகளில் தனித்திருந்தவர்களுக்கு மகிழ்ச்சி தருவதையே இது தன் வேலையாக எடுத்துக்கொண்டது. அந்த வேலையை நன்றாகவே செய்தது. இதைச் சிறுபிள்ளைத்தனம் என்றும் பெண்பிள்ளை நிறம் என்றும் தள்ளுவோர், கரும்பழுப்புத் தோல் சோபாவும் ஒரு தலைமுறையின் ரசனை மட்டுமே என்பதை மறக்கிறார்கள். வடிவமைப்பாளர் காய் போய்சன் 1951-இல் கை கால் அசையும் மரக்குரங்கைச் செய்தபோது டென்மார்க் அதைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்கவில்லை. இன்று அது அந்நாட்டு வடிவமைப்பின் தூதுவர்.

கூர்மையான மறுப்பு வேறொன்று. கைபேசிப் படத்துக்காகவே வாங்கப்பட்ட நெளிவுக் கண்ணாடியும் காளான் விளக்கும் ஓரிரு ஆண்டுகளில் சலித்து வெளியேறுகின்றன. மூன்று தலைமுறைக்கு உழைக்கும் நாற்காலி செய்த மரபின் பெயரை இவற்றுக்குச் சூட்டுவது தகுமா? மலிவுப் போலிகளைப் பொறுத்தவரை இந்த மறுப்புக்குப் பதில் இல்லை. ஹேயும் மூட்டோவும் இன்று மில்லர்நோல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கீழ் இருப்பதையும், வணிகத்தின் வேகம் இந்தப் பாணியை ஊதிப் பெருக்கியதையும் மறுக்க முடியாது. ஆனால் பாணியின் சாரம் அந்தப் பொருள்களில் இல்லை. வெளிறிய தரை, கண்கூசாத தாழ்ந்த விளக்கு, அறையின் ஒளிக்கு ஏற்பத் தேர்ந்த மென்னிறம் ஆகிய மூன்றும் இருந்தால் நெளிவுக் கண்ணாடி இல்லாமலும் அறை டேனிஷ் பேஸ்டலாகவே இருக்கும். இம்மூன்றும் இல்லாமல் எத்தனை காளான் விளக்கு வைத்தாலும் ஆகாது. இம்மூன்றிலும் மிகுந்த விலை கொடுத்து வாங்க வேண்டியது எதுவுமில்லை. பெரும்பாலும் ஒரு வாளி வண்ணப்பூச்சும் பழைய அறைகலனும் போதும். ஆகவே இந்தப் பெயருக்கு டென்மார்க் தரும் சான்று ஃபின் யூலின் கூரையிலும் ஹென்னிங்சென்னின் விளக்கினுள்ளும் இருக்கிறது என்று கொள்வதே சரி. ஓட்ரப்பிலுள்ள யூலின் வீடு இன்று ஓட்ரப்கோர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாகப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.