மெட்டில் இல்லாததும் மேட்டில் நொறுங்கியதும்

கம்பம்மெட்டு, கல்லமேடு என்னும் இரு ஊர்ப்பெயர்களின் ஈற்றுச்சொற்களையும் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி ஒரே வேரின்கீழ் வைக்கிறது. இரண்டும் உயர்ந்த நிலத்தைக் குறிப்பவை. முன்னது கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இடுக்கிக்கு ஏறும் மலைவழியின் உச்சி. பின்னது அரியலூர்ப் பகுதியின் சிற்றூர். டைனோசர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் அமெரிக்காவிலோ மங்கோலியாவிலோ தொடங்குகின்றன. இவ்விரண்டு மேடுகளிலிருந்து தொடங்கினால், ‘தகவமைப்பு’ என்று பாடநூல்கள் எளிதாகக் கடந்துபோகும் சொல்லே சற்றுச் சிக்கலாகிவிடுகிறது.

கம்பம்மெட்டில் டைனோசர் எலும்பு கிடைக்காது. அங்குள்ள சார்னோக்கைட்டும் நைஸும் நிலமேலோட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. டைனோசர்கள் தோன்றியதோ ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அவை இம்மலைப் பகுதியில் நடமாடியிருக்கலாம். ஆயினும் இறந்த உடலை மூடிக் காக்க ஆற்று வண்டலோ கடற்சேறோ படிந்து பாறையாக வேண்டும். அத்தகைய படிவு இங்கில்லை. எலும்பின் இன்மை விலங்கின் இன்மைக்குச் சான்றாகாது.

அரியலூரின் நிலை வேறு. கிரெட்டேசியக் காலத்தில் காவிரிப் படுகைக்குள் கடல் ஏறியும் இறங்கியும் விட்டுச்சென்ற படிவுகளை எச். எப். பிளான்போர்டு ஆராய்ந்து 1862இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். 1929இல் சி. ஏ. மேட்லி, திருச்சிராப்பள்ளி மாவட்ட டைனோசர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அதன்பின் இந்திய நிலப்பொதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1979இல் ‘திராவிடோசாரஸ்’ என்ற பெயரை அளித்தனர். முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசார் வகை என்பது அவர்கள் துணிபு. 1990களில் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் அது டைனோசரே அன்று, பிளீசியோசார் என்னும் கடல் ஊர்வன என்று மறுத்தனர். 2017இல் கால்டனும் அய்யாசாமியும் அம்மறுப்பை மறுத்தனர். திராவிடப் பெயர் தாங்கிய ஒன்றின் மூலம் பற்றி வழக்கு ஓயாதிருப்பது மொழியியலாளர்க்குப் புதிதன்று.

1980களின் இறுதியில் அதே இருவர் கல்லமேட்டுப் படிவத்திலிருந்து விவரித்த விலங்கே இங்கு முதன்மையானது. ‘புருஹத்காயோசாரஸ்’: வடமொழியின் பேருடலும் கிரேக்கத்தின் பல்லியும் புணர்ந்த பெயர். அதன் கீழ்க்கால் எலும்பு 2 மீட்டர் நீளம் என அளந்தனர். முதலில் ஊன் உண்ணி என்று கருதப்பட்டது. 1995இல் சாட்டர்ஜி அதைச் சாரோபாட் வகைக்கு, அதாவது நீள்கழுத்துத் தாவர உண்ணிகளுக்கு மாற்றினார். கல்லாகிய மரத்துண்டை எலும்பென்று மயங்கினரோ என்று ஐயுற்றோரும் உண்டு. ஐயத்தை எலும்பைக் காட்டித் தீர்க்க இயலவில்லை. களிமண் நிறைந்த அப்படிவத்தின் எலும்புகள், அகழ்ந்து பொதிந்து கட்டிய நிலையிலேயே நொறுங்கத் தொடங்கிவிட்டன. எஞ்சியவை வரைபடங்களும் ஒளிப்படங்களும். இதுவரை வெளிவராதிருந்த படங்கள் சிலவற்றைப் பாலும் அய்யாசாமியும் 2022இல் வெளியிட்ட பிறகே வாதம் சாரோபாட்டின் பக்கம் வலுப்பெற்றது. அடுத்த ஆண்டு வந்த மதிப்பீடு ஒன்று அதன் எடையை 100 டன்னுக்கும் மேலாகக் கணித்தது. உறுதியானால் நிலத்தில் நடந்த உயிர்களுள் மிகப் பெரியவற்றின் வரிசையில் அது நிற்கும். உறுதியாக்க வேண்டிய எலும்புதான் இல்லை.

இத்தகைய உடல் எவ்வாறு இயன்றது? சாரோபாட்டுகள் உணவை மென்று அரைக்கவில்லை, பறித்து விழுங்கின. மெல்லும் தசையும் கடைவாய்ப்பற்களும் வேண்டாத தலை சிறிதாயிற்று. தலை சிறிதானதால் கழுத்து நீள முடிந்தது. கழுத்து நீண்டதால் நின்ற இடத்திலிருந்தே பரந்த பசுமையை மேய முடிந்தது. முதுகெலும்புகளுக்குள் பறவைகளுக்கு இருப்பது போன்ற காற்றறைகள் எடையைக் குறைத்தன. முட்டையோ சிறிது. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கண்டறியப்பட்டதாக 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அம்முட்டைகள் ஒரு சாண் அளவைப் பெரிதும் தாண்டாதவை. அத்துணைச் சிறிய தொடக்கத்திலிருந்து மலையுருவை எட்ட மிக விரைந்த வளர்ச்சி தேவை. விரைந்த வளர்ச்சிக்கு இடையறாத தீனி தேவை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் இவ்வேற்பாடு வென்றது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி, வானம் இருண்டு, தாவர உற்பத்தி சரிந்தபோது அதே ஏற்பாடு பொறியாயிற்று. ஆகவே பேருடலை ‘வெற்றி’ என்றோ ‘தோல்வி’ என்றோ ஒரு சொல்லில் முடிப்பது காலத்தைக் கணக்கிலிருந்து நீக்குவதாகும்.

இனி மீண்டும் மெட்டுக்கு. கம்பம்மெட்டுக்கு மேற்கே, அதே இடுக்கி மாவட்டத்தின் கட்டப்பனையிலிருந்து கிடைத்த ஊதாநிறத் தவளை ஒன்றை எஸ். டி. பிஜுவும் பிராங்கி போசுயிட்டும் 2003இல் ‘நேச்சர்’ இதழில் விவரித்தனர். ‘நாசிகாபட்ராக்கஸ் சகியாத்ரென்சிஸ்’ என்பது பெயர். மூக்குத் தவளை, சகியாத்திரிக்குரியது. அதன் நெருங்கிய உறவினங்கள் செஷல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. இரு கால்வழிகளும் பிரிந்து ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகள் ஆயின என்று மரபணு ஒப்பீட்டில் அவர்கள் கணித்தனர். அதாவது, டைனோசர்கள் திரிந்த நிலத்தில் இதன் முன்னோர் இருந்தன. அவை மறைந்த பின்னும் இருந்தன.

இதன் தகவமைப்பு சாரோபாட்டுக்கு நேர் எதிர். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள். குறுகிய மூக்கும் சிறு வாயும் கறையான்களை உண்ண ஏற்றவை. பின்னங்கால்கள் மண்ணைத் தோண்டுபவை. மழை தொடங்கும் வேளையில் சில நாள்களுக்கு மட்டும் இனப்பெருக்கத்திற்காக வெளிவரும். தலைப்பிரட்டைகள் உறிஞ்சு வாயால் ஓடைப்பாறைகளைப் பற்றிக்கொண்டு காட்டு வெள்ளத்திலும் அடித்துச் செல்லப்படாமல் நிற்கும். அத்தலைப்பிரட்டை 1918 அளவிலேயே அறிவியல் ஏடுகளில் பதிவாகிவிட்டது. தாய்த்தவளை இன்னதென்று தெரியவர மேலும் எண்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. மலைவாழ் மக்கள் அத்தலைப்பிரட்டைகளைத் திரட்டி உண்பதுண்டு. 2015இல் வெளியான ஓர் ஆய்வு அதை இவ்வினத்திற்கு நேரடி அச்சுறுத்தலாகவே கொள்கிறது. விண்கல்லுக்குப் பின்னும் எஞ்சிய கால்வழி, கைவலைக்கு முன் தடுமாறுகிறது.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இங்கே பொருந்தும். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் எனச் சமூக ஊடகங்களில் பரவின. அவை அம்மோனைட் என்னும் கடலுயிரிகள் நிறைந்த படிவின் உருண்டைகள் என நிலவியலாளர்கள் விளக்கினர். அம்மோனைட்டுகளும் டைனோசர்களோடே அழிந்தவைதாம். ஆனால் முட்டை அளவுக்கு எவரையும் ஈர்க்கவில்லை.

2017இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூர்ப் பகுதியிலிருந்து இரண்டாவது இனம் ஒன்று விவரிக்கப்பட்டது. ஊர்வன, நீர்நில வாழ்வன பற்றிய ஆய்வாளர் எஸ். பூபதியின் நினைவாக ‘நாசிகாபட்ராக்கஸ் பூபதி’ எனப் பெயரிட்டனர். கம்பம்மெட்டு நிற்கும் அதே மலைத்தொடரின் மேற்கில் தென்மேற்குப் பருவமழை தவளையை மண்ணிலிருந்து அழைக்கிறது. கிழக்கின் மழைமறைவுப் பகுதியில் அது வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருக்கிறது.