'கா' என்றொரு சொல்

ஓரெழுத்தே ஒரு சொல்லாக நின்று பொருள் தருவது தமிழுக்குரிய அழகுகளுள் ஒன்று. அத்தகைய சொற்கள் 42 என்று கணக்கிட்டது நன்னூல். அவற்றுள் ககர வரிசையில் வருவன கா, கூ, கை, கோ என்னும் நான்கு. இவற்றில் 'கா' என்பதையே இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

கா என்றால் சோலை. காடு போல எல்லையின்றிப் பரந்ததன்று. ஊருக்குள்ளோ ஊரோரத்திலோ மரங்கள் செறிந்து நிற்கும் சிறு நிலம். பொழில், தண்டலை, பொதும்பர், தோப்பு ஆகியன இதன் உறவுச் சொற்கள். யாழ்ப்பாணத்தார் 'பனங்கூடல்' என்பார்களே, அந்தக் 'கூடல்' கூட இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கதுதான்.

இச்சொல் எங்கிருந்து வந்தது? 'காத்தல்' என்னும் வினைக்கும் அடி 'கா' தான். ஆகவே, காக்கப்படும் மரத்தொகுதியே கா ஆயிற்று என்று சொல்லத் தோன்றும். ஆனால் 'கா'வுக்கு மூன்றாவது பொருளும் உண்டு. சுமையைத் தோளில் தாங்கும் தண்டும் கா எனப்பட்டது. காவடியில் இருப்பது அந்தக் கா. "இதைக் காவிக்கொண்டு போ" என்று நம்மவர் இன்றும் பேசுவது அதன் வழி வந்ததே. பரோ, எமனோ என்னும் அறிஞர் இருவரும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் காத்தல், தண்டு, சோலை என்னும் இம்மூன்றையும் தனித்தனியாகவே பதிவு செய்தனர். வேர் ஒன்றென்று அடித்துச் சொல்வதற்கில்லை. எனினும், வேர் எதுவாயினும், வழக்கு சோலையையும் காவலையும் சேர்த்தே வைத்திருந்தது என்பதே என் துணிபு. அதற்குச் சான்றுகள் உள.

மணிமேகலையைப் பாருங்கள். மலர் கொய்யப் புறப்படும் மணிமேகலையைத் தனியே அனுப்ப அஞ்சுகிறாள் சுதமதி. புகாரின் சோலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஏன் அங்கே போகலாகாது என விளக்குகிறாள். உய்யானத்தைக் கையிற் பாசம் ஏந்திய பூதம் காக்கிறது. சம்பாதி வனத்திலும் கவேர வனத்திலும் வருத்தும் அணங்கு உறைகிறது. அச்சமே அங்கு வேலி.

தனி மரத்திற்கும் அத்தகைய காவல் இருந்தது. மன்னரின் கடிமரத்தை வெட்டுவது அம்மன்னரையே வெல்வதற்கு ஒப்பாயிற்று. நன்னனின் மாமரத்துப் பசுங்காய் ஒன்று ஆற்றில் மிதந்து வர, நீராடிய பெண்ணொருத்தி அதை உண்டாள். எண்பத்தொரு களிறுகளும் அவள் நிறைக்குப் பொற்பாவையும் தருவதாகச் சொல்லியும் நன்னன் கேளாமல் அவளைக் கொன்றான் என்கிறது குறுந்தொகை. காவல் கொடுமையாக மாறிய கதை அது. "பெண்கொலை புரிந்த நன்னன்" என்ற பழி இன்றளவும் அவனை விட்டு நீங்கவில்லை.

இனி ஊர்ப் பெயர்களுக்கு வருவோம். ஆனைக்கா, கோலக்கா, நெல்லிக்கா, கோடிகா, குரக்குக்கா என்னும் ஐந்தும் தேவாரத் திருத்தலங்கள். இவற்றுள் கோலக்கா நீங்கலான நான்கையும் மக்கள் இன்று எப்படி அழைக்கிறார்கள்? திருவானைக்காவல், திருநெல்லிக்காவல், திருக்கோடிக்காவல், திருக்குரக்காவல்! கா என்றால் சோலை என்பது நாவிலிருந்து நழுவியபோது, மக்கள் வேறெந்தச் சொல்லையும் தேடவில்லை. 'காவல்' என்றே நிரப்பிக்கொண்டார்கள். பொருள் மறந்தது, அதன் நிழல் மட்டும் மறக்கவில்லை.

மலையாள நாட்டிலோ இச்சொல் 'காவு' என்று இன்றும் உயிரோடு உலவுகிறது. வீட்டு வளவின் ஒரு மூலையை நாகங்களுக்கென விட்டுவைப்பர், அது சர்ப்பக்காவு. பகவதி உறையும் மரச்செறிவும் காவு. அங்கெழுந்த கோயிலும் காவு. அங்கே மரத்திற் கத்தி வைக்கலாகாது என்பது பழைய கட்டுப்பாடு. பெரும்பாவூருக்கு அருகேயுள்ள இரிங்கோள் காவு, சுற்றிலும் ஊர் நெருங்கிய பின்னரும், ஏறத்தாழ ஐம்பது ஏக்கர் காடாகவே நிற்கிறது. அங்கும் பல காவுகள் அழிந்துபோயின என்பது உண்மை. ஆயினும், சொல் வாழ்ந்த இடத்தில் மரமும் ஓரளவு வாழ்ந்தது.

தமிழ் நிலத்தில் நடந்தது வேறு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஆனைக்காவில், நாவல் மரங்களின் சோலையொன்று இருந்திருக்க வேண்டும். இன்று அங்கே தலமரமாக வெண்ணாவல் போற்றப்படுகிறது. சோலை சுருங்கி ஒரு மரமாயிற்று. அந்த ஒரு மரமும் எஞ்சியது, அதைத் தெய்வமென்று காத்ததனால்.

நேயர்களே, காடு தானே வளரும். கா அப்படியன்று, யாரோ ஒருவர் காத்தால்தான் அது கா. நம் ஊர்களிலும் கோயில் வீதியில் ஓர் ஆலும், குளக்கட்டில் சில மருதமும் இன்னும் நிற்கின்றன. அவற்றுக்குப் பெயர் சூட்ட வேண்டுமாயின் நன்னூலார் எண்ணி வைத்த 42 சொற்களுள் ஒன்று நமக்காகக் காத்திருக்கிறது.