பல்லுக்குள் ஒரு ஷாக் அப்சார்பர்

சானமாவு பக்கத்தில் ஷாக் அப்சார்பர் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஓசூரில் பைக்கும் செய்கிறார்கள், அதற்கான ஷாக் அப்சார்பரும் செய்கிறார்கள். அதையே பல்லுக்குள் வைத்துப் பார்த்த கதை ஒன்று இருக்கிறது.

நம்ம சொந்தப் பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. நடுவே கால் மில்லிமீட்டர்கூட வராத நார்த்திசு உண்டு. கடிக்கும்போது பல் துளி அமுங்கி எழும். ஸ்வீடனில் பிரோனெமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்த டைட்டானியம் இம்ப்ளாண்டில் அந்த நார் கிடையாது. உலோகம் எலும்பை அப்படியே பிடித்துக்கொள்ளும். இவ்வளவு இறுக்கம் எலும்பைக் கெடுத்துவிடுமோ என்ற பயம் பலருக்கு இருந்தது. அதனால் ஜெர்மனியின் ஆக்ஸல் கிர்ஷ் 1970-களில் உருவாக்கிய ஐ.எம்.இசட் இம்ப்ளாண்டில், டைட்டானியத்துக்கும் மேலே வரும் பல்லுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்தார். பாலிஆக்ஸிமெத்திலீன், சின்ன கியர்கள் செய்கிற அதே டெல்ரின் வகைதான்.

வேலை செய்ததா? 1989-இல் அமெரிக்காவில் மெக்ளம்ஃபி குழு சோதித்தது. அழுத்தம் படும் இடத்தில் வண்ணப் பட்டைகள் காட்டும் பிளாஸ்டிக்கில் இம்ப்ளாண்டைப் பதித்து அழுத்தினார்கள். மெத்தென்ற துண்டு போட்டு ஒரு முறை, கெட்டித் துண்டு போட்டு ஒரு முறை. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை!

யோசித்தால் ஆச்சரியமில்லை. நின்றுகொண்டிருக்கும் பைக்கில் நீங்கள் உட்கார்ந்தால், ஷாக் அப்சார்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்கள் எடை முழுசும் டயருக்குத்தான் போகும். ஸ்பிரிங் எடையைக் குறைக்காது. பள்ளத்தில் விழும்போதுதான் அதன் வேலை. மெல்லுவது மெதுவான அழுத்தம். சோற்றில் கல் கடிபடுவதுதான் பள்ளம்.

அந்தத் துண்டு தேய்ந்தது, உருமாறியது, அவ்வப்போது மாற்ற வேண்டியிருந்தது. கிர்ஷ் பிற்பாடு உருவாக்கிய கேம்லாக் இம்ப்ளாண்டில் அந்த பிளாஸ்டிக் இல்லை.

இன்றைய ஐஎஸ்ஓ 14801 சோதனையில் இம்ப்ளாண்டை 30 டிகிரி சாய்த்து 50 லட்சம் முறை அழுத்துவார்கள். நொடிக்கு 15 முறை என்றால் நாலு நாளுக்குள் முடிந்துவிடும். பிளாஸ்டிக் பாகம் இருந்தால் அந்த வேகம் ஆகாது: 37 டிகிரி ஈரத்தில், நொடிக்கு 2 முறைக்கு மேல் போகாமல், 20 லட்சம் முறை. பதினோரு நாளுக்கு மேல் ஆகும். எதுவானாலும் உடைகிறதா என்பதைத்தான் இது பார்க்கிறது. அதிர்ச்சியைத் தாங்குகிறதா என்பது வேறு சோதனை. பிரோஷரில் 'ஷாக் அப்சார்பிங்' என்று இருந்தால், எந்த வேகத்தில் இடித்துப் பார்த்தீர்கள் என்று டாக்டரிடம் கேட்கலாம்.