பழவேற்காட்டிலிருந்து புறப்பட்ட ஒரு துணிப்பெயர்

பிரான்சின் வடக்கே அரஸ் என்ற ஊர் இடைக்காலத்தில் சித்திரத் திரைச்சீலைகளுக்குப் பேர்போனது. ஆங்கிலத்தில் ‘அரஸ்’, இத்தாலியத்தில் ‘அரட்ஸோ’ என்று ஊர்ப்பெயரே துணிக்கு ஆகிவந்தது. போலந்தின் கிராக்கோவ் அரண்மனையில் தொங்கும் புகழ்பெற்ற ‘அரஸ்’கள் 16ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸில் நெய்தவை. பெயர் ஊரை விட்டு வெளியேறி நெடுங்காலம் ஆகியிருந்தது. பிரெஞ்சுக்காரர்களோ அதைப் பொதுவாகத் ‘தாப்பிஸ்ரி’ என்கிறார்கள்.

இதே கதை நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் நடந்திருக்கிறது. அந்த மாவட்டத்தின் கடலோரத்தில் இருக்கிறது பழவேற்காடு. போர்ச்சுக்கீசியர் அதைப் ‘பலெயகாத்தே’ என்றனர். டச்சுக்காரர் 1613இல் கெல்த்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களது வணிகத்துக்கு இதுவே தலைவாசல்.

இங்கிருந்து கப்பலேறிய சரக்குகளில் கட்டம்போட்ட கைக்குட்டைகளும் இருந்தன. பாவு நூலையும் ஊடு நூலையும் முன்கூட்டியே சாயமேற்றி, தறியிலேயே கட்டத்தை எழுப்புவது இதன் தொழில்நுட்பம். அச்சுத் துணிபோல ஒருபுறம் மங்காது, இருபுறமும் ஒன்றே. சோழமண்டலக் கரையில் சிவப்புக்குப் பெயர்பெற்றது மணற்பாங்கான நிலத்தில் தோண்டியெடுக்கும் சாயவேர். பல கைக்குட்டைகளை ஒரே நீளத் துண்டாக நெய்வார்கள். வெட்டிக்கொள்வது வாங்குபவர் பாடு.

ஆங்கிலத்தில் ‘புல்லிகேட்’ என்றால் வண்ணக் கைக்குட்டை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத் தறிகளே அதை நெய்தன. பழவேற்காட்டுப் பெயரில் ஸ்காட்லாந்துத் துணி! 1785 வாக்கில் அங்கே துருக்கிச் சிவப்புச் சாயத் தொழிலும் வேரூன்றியது. சிவப்புக்கு இந்தியாவை எதிர்பார்த்திருக்க வேண்டிய நிலை தளர்ந்தது.

இன்னும் சுவையானது மெக்சிகோவின் ஸ்பானியச் சொல்லான ‘பலியகாத்தே’. விடுதலைப் போர்த் தலைவர் மொரேலோஸ் தலையில் கட்டியிருக்கும் துணிக்கு அதுதான் பெயர். வண்ணம், மூக்கு என்று பொருள்படும் நவாட்டில் சொற்களை ஒட்டி அதற்கு உள்ளூர் விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அந்த விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. போர்ச்சுக்கீசியர் ஊருக்கு இட்ட பெயரோடு ‘பலியகாத்தே’ ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது, பொருளும் கைக்குட்டையே. வழியும் இருந்தது. சென்னையிலிருந்து மணிலாவுக்குத் துணி போயிற்று. மர்மலாங் பாலம் கட்டிய ஆர்மீனியரான பெத்ருஸ் உஸ்கான் செல்வம் சேர்த்ததில் மணிலா வணிகத்துக்குப் பெரும் பங்குண்டு. மணிலாவிலிருந்து அகபுல்கோவுக்கு 1565 முதல் ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அந்தப் போக்குவரத்து 1815இல் நின்றது; மொரேலோஸ் சுட்டுக்கொல்லப்பட்டதும் அதே ஆண்டுதான்.

ஐரோப்பிய மொழிகளை மட்டும் பார்த்தால் படம் முழுமையாகாது. மலாய்க்காரர்கள் கட்டம்போட்ட சாரத்தைக் ‘காயின் பெலிகாட்’ என்கிறார்கள். இலங்கையிலும் ‘பளேகாட் சாரம்’ உண்டு. தமிழ்நாட்டு லுங்கி வியாபாரத்திலும் ‘பாளையகாட்’ என்பது ஒரு ரகம். பழவேற்காடு என்ற தமிழ்ப்பெயர் அந்நியர் நாவில் உருமாறி, துணியின் பெயராகி, தமிழுக்கே திரும்பியிருக்கிறது. அடையாளம் தெரியாமல் அதைப் பாலக்காட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். லுங்கி நெசவுக்கு இன்று பேர்பெற்றவை குடியாத்தமும் குறிஞ்சிப்பாடியும். பழவேற்காட்டின் முதன்மைத் தொழில் மீன்பிடி.