உணவச்சமும் உண்ணுதல் கோளாறுகளும்

உண்ணுதல் கோளாறு என்பது உணவு, உடல் எடை, உண்ணும் செயல் ஆகியவை பற்றிய அச்சமோ ஓயாத எண்ணமோ ஒருவரின் உண்ணும் முறையைச் சிதைத்து, அவரது உடல்நலத்தையும் அன்றாட வாழ்வையும் கெடுக்கும் மனநோய் நிலை ஆகும். மனநோய்களுள் உயிரிழப்பு மிகுதியாக நேரும் வகைகளில் இது முன்னிற்கிறது. பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் தோன்றுகிறது. பெண்களிடம் கூடுதலாகக் காணப்பட்டாலும் ஆண்களுக்கும் வருகிறது.

இந்நோய் மேலை நாட்டுச் செல்வந்தர் வீடுகளுக்கே உரியது, தமிழர்களிடையே இல்லை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. நோய் இல்லாததைவிட, நோயை அடையாளம் காண வகுத்த இலக்கணம் இங்குள்ள நோயாளிகளின் சொற்களோடு பொருந்தாததே அதற்குப் பெரிய காரணம் என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

நோன்பும் நோயும்

உணவைத் தானே விலக்கும் வழக்கம் தமிழ் நிலத்துக்குப் புதியதன்று. சங்க காலத்தில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்தான்; அவனைத் தொடர்ந்து பிசிராந்தையாரும் வடக்கிருந்தார். புதுச்சேரிக்கு மேற்கே, செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் உள்ள பழங்கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைக் குறிக்கிறது.

இவற்றை நோயெனக் கொள்ளக் கூடாது. நோன்புக்கு ஒரு நோக்கமும் நாளும் சான்றாக நிற்கும் சமூகமும் உண்டு. உண்ணுதல் கோளாற்றில் இவை எதுவும் இல்லை. அது மறைவில் நடப்பது. நோயாளி நிறுத்த விரும்பினாலும் நிறுத்த முடியாதது. எனினும் விரதம், பத்தியம் என்ற மதிப்புள்ள பெயர்கள் நோயை மறைக்கும் திரையாகவும் அமைந்துவிடுவதுண்டு.

நோயாக உள்ள உணவு வெறுப்பையும் பழைய மருத்துவம் அறிந்திருந்தது. ஆயுர்வேதத்தில் இதற்கு அரோசகம் என்று பெயர். துயரம், அச்சம், சினம் போன்றவற்றாலும் அரோசகம் உண்டாகும் எனச் சரக சம்கிதை கூறுகிறது. உணவு வெறுப்புக்கு வயிறு மட்டுமன்றி மனமும் காரணமாகலாம் என்ற புரிதல் இதில் உள்ளது.

1873: நோய்க்குப் பெயர் கிடைத்தது

இங்கிலாந்தில் ரிச்சர்ட் மார்ட்டன் என்னும் மருத்துவர் 1689ஆம் ஆண்டு நூலில் இத்தகைய இரு நோயாளிகளை விவரித்தார். ஒருவர் 18 வயதுப் பெண், அவர் இறந்தார். மற்றவர் 16 வயது ஆண், அவர் தேறினார்.

1873இல் பாரிசில் சார்லஸ் லசேக், லண்டனில் வில்லியம் கல் ஆகிய இருவரும் தனித்தனியே இந்நோயை வரையறுத்தனர். கல் சூட்டிய அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயரே நிலைத்தது. நரம்புத் தளர்வால் வரும் பசியின்மை என்பது அதன் பொருள். பெயர் சற்றுப் பொருந்தாதது. நோயாளிகளுள் பலர் பசியை உணர்ந்தே அதனை அடக்குகின்றனர்.

லசேக்கின் விவரிப்பில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. அவர் கண்ட இளம்பெண்கள் பருத்துவிடுவோம் என்று அஞ்சியதாக அவர் எழுதவில்லை. உண்டபின் வயிறு நிறைந்து உப்பியது போன்ற தொல்லையை அவர்கள் சொன்னார்கள். அத்தொல்லைக்கு அஞ்சி ஒவ்வொரு உணவாகக் குறைத்தார்கள். குடும்பத்தார் முதலில் கெஞ்சுவதும் பின்னர் மிரட்டுவதும், இரண்டுமே பயன்படாமல் போவதும் அவரது கட்டுரையில் இடம்பெற்றுள்ளன.

பருமன் பற்றிய அச்சம் இலக்கணமானது

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை நாடுகளில் மெலிந்த உடலே அழகு என்ற எண்ணம் வலுப்பெற்றது. நோயாளிகளின் பேச்சும் மாறியது. ஹில்டே புரூக் என்னும் மருத்துவர் 1960களில் தம் உடலின் அளவையே தவறாக உணரும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் பருமன் பற்றிய பேரச்சத்தை நோயின் மையமாக வைத்தார். அளவின்றி உண்டுவிட்டு வாந்தியெடுக்கும் புலிமியா நெர்வோசாவை 1979இல் தனி நிலையாக விவரித்தவரும் அவரே. 1980இல் வெளியான அமெரிக்க மனநோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, பருத்துவிடுவோம் என்ற கடும் அச்சத்தைக் கட்டாய அறிகுறியாக்கியது.

இதன் விளைவு ஆசிய மருத்துவமனைகளில் தெரிந்தது. ஹாங்காங்கில் சிங் லீயும் உடனாய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், 70 நோயாளிகளுள் 41 பேரிடம் பருமன் பற்றிய அச்சம் காணப்படவில்லை. வயிற்று உப்புசம், பசியின்மை போன்றவற்றையே அவர்கள் காரணமாகக் கூறினர். லசேக் 120 ஆண்டுகளுக்கு முன் கேட்ட சொற்களும் ஏறத்தாழ இவையே.

இந்திய ஆய்வுகள்

டெல்லியைச் சேர்ந்த கண்டேல்வால், சரண், சக்சேனா ஆகியோர் 1995இல் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர். உணவு மறுப்பு, தொடர் வாந்தி, கடும் எடை இழப்பு, மாதவிடாய் நின்றுபோதல் ஆகியவை இவர்களிடம் இருந்தன. தம் உடல் பருத்திருப்பதாக எண்ணும் மயக்கம் இல்லை. அதனால் நோயை உறுதிசெய்வதே கடினமாயிற்று.

அதே ஆண்டில் சென்னையைச் சேர்ந்த சீனிவாசன், சுரேஷ் முதலியோரின் ஆய்வு வெளியானது. 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்திய அந்த ஆய்வில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர், முழுமையான நோய் எனச் சொல்ல முடியாவிட்டாலும், உண்ணும் முறை, உடல் அளவு ஆகியவை பற்றிய மனத்துன்பத்தில் இருந்தனர். ஆய்வாளர்கள் அதனை உண்ணல் துயர நிலை எனக் குறித்தனர்; அதைக் கண்டறியும் வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கி 1998இல் வெளியிட்டனர்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்கு வந்த குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் பற்றிய 2007ஆம் ஆண்டு ஆய்விலும், உண்ணுதல் கோளாறுகளுள் மனக்காரணத்தால் வரும் வாந்தியே மிகுந்து காணப்பட்டது.

‘சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுது’, ‘தொண்டையில இறங்கல’ என்று தமிழ் வீடுகளில் கேட்கும் சொற்களை இப்பின்னணியில் பார்க்க வேண்டும். இப்படிச் சொல்பவர் முதலில் வயிற்று மருத்துவரிடமோ, கண்ணேறு கழிப்பதற்கோ அழைத்துச் செல்லப்படுகிறார். சோதனைகளில் குறை எதுவும் தெரியாதபோது ‘அடம்’ என்ற பெயர் கிடைக்கிறது. அதற்குள் எடை வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

2013இல் வந்த அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இலக்கணத்தைத் தளர்த்தியது. பருமன் பற்றிய அச்சத்தை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், எடை கூடுவதைத் தடுக்கும் தொடர் நடத்தை போதும் என்றது. மாதவிடாய் நிற்றல் என்ற நிபந்தனையை நீக்கியது. தொண்டை அடைக்கும், வாந்தி வரும் என்ற அச்சத்தாலோ, உணவின் மணம், தன்மை ஆகியவற்றின் மீதான வெறுப்பாலோ உணவைத் தவிர்ப்பதையும் தனி நோயாகச் சேர்த்தது.

பட்டினி மனத்தை மாற்றும்

‘மனசு வச்சா சாப்பிடலாம்’ என்ற அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பதற்கு அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944–45இல் நடந்த ஆய்வு விடை தருகிறது. ஆன்செல் கீஸ் தலைமையில் நலமான ஆண்கள் 36 பேர் 24 வாரம் குறைந்த உணவில் வைக்கப்பட்டனர். எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தனர். முன்பு உணவு பற்றிய கவலையே இல்லாத அவர்கள் சோர்வும் எரிச்சலும் கொண்டனர். சமையற் குறிப்புகளைச் சேர்த்தனர். ஒரு தட்டு உணவை நெடுநேரம் அளைந்துகொண்டிருந்தனர். பட்டினி நோயின் விளைவு மட்டுமன்று, நோயை வளர்ப்பதும் அதுவே என்பது இதனால் தெளிவாயிற்று. ஆகவே உடலுக்கு உணவு திரும்புவதே மருத்துவத்தின் முதற்படி.

மீளும் வழிகள்

லசேக்கின் காலத்தை அடுத்து, பாரிசில் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதே மருத்துவம் எனக் கருதப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை இதனை மாற்றியது. பெற்றோர்மீது பழி சுமத்தாமல், பிள்ளையின் உணவுப் பொறுப்பைச் சிறிது காலம் அவர்களிடமே ஒப்படைத்து, எடை தேறியபின் படிப்படியாகப் பிள்ளையிடம் திருப்பித் தரும் முறை அங்கு உருவானது. நோய் தொடங்கி நெடுநாள் ஆகாத வளரிளம் பருவத்தினருக்கு இது நல்ல பலன் தருவதாக 1987இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கும் வழக்கம் கொண்ட வேலூர் மனநல மையம் 1957இல் தொடங்கியது என்பதால், குடும்பத்தைத் துணையாக்கும் எண்ணம் தமிழகத்துக்கு அயலானதன்று.

வயது வந்தவர்களுக்கு அறிதல்-நடத்தைச் சிகிச்சை பயன்படுகிறது. நேரம் தவறாத உணவு, விலக்கிவைத்த உணவுகளை எளியதிலிருந்து கடினமானதை நோக்கி ஒவ்வொன்றாக மீண்டும் உண்ணப் பழகுதல், அச்சம் சொன்னது நடந்ததா எனத் தாமே சரிபார்த்தல் ஆகியவை இதன் கூறுகள். இட்லியை மட்டும் உண்பவர், முதல் வாரத்தில் அதனுடன் ஒரு கரண்டி சாம்பார் சேர்ப்பது இவ்வகையில் ஒரு முன்னேற்றமே.

கடுமையாக மெலிந்தவருக்கு வீட்டிலேயே திடீரெனப் பெருமளவு உணவு கொடுப்பது ஆபத்தானது. இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். மயக்கம், நாடித்துடிப்புக் குறைதல், தொடர் வாந்தி இருந்தால் மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை.

பிள்ளைச்சாவடியும் மாணவர் வாழ்வும்

புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பிள்ளைச்சாவடி கடலோர ஊர். 1984இல் நிறுவப்பட்டு, 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த பொறியியல் கல்லூரி இங்குள்ளது. அருகிலுள்ள காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985 முதல் இயங்குகிறது. இந்நோய் தொடங்கும் வயதினரே இங்கு வீட்டை விட்டு வந்து விடுதிகளில் தங்குகின்றனர்.

‘சாப்டியா?’ என்று நாள்தோறும் கேட்கும் குரல் விடுதியில் இல்லை. உணவுக்கூடத்துக்கு ஒருவர் வராததை எவரும் கவனிக்காமல் போகலாம். ‘குண்டு’, ‘ஒல்லிக்குச்சி’ என்ற கேலிகள் விளையாட்டாகவே கருதப்படுகின்றன. எனவே அறைத்தோழரின் கவனம் முதன்மையானது. பிறர் முன் உண்ணத் தயங்குதல், உண்டவுடன் கழிவறைக்குச் செல்லுதல், உணவு வகைகள் ஒவ்வொன்றாகக் குறைதல், ‘ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டேன்’ என்ற பதில் வாடிக்கையாதல் ஆகியவை கவனிக்க வேண்டிய குறிகள். எடையையோ தோற்றத்தையோ பற்றிப் பேசாமல், உடன் அமர்ந்து உண்பதும் மருத்துவரிடம் துணையாகச் செல்வதும் உதவும்.

1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் அணுகலாம். அங்கு பேசுபவர் தமக்குப் பருமன் அச்சம் இருப்பதாகச் சொல்ல வேண்டியதில்லை. உணவு இறங்கவில்லை, எடை குறைகிறது என்று சொன்னாலே போதும்.