ஒளிஎலக்ட்ரான் குறுக்கீடும் பிணைப்பு நீளமும்

மூலக்கூறிலிருந்து ஒளியால் வெளியேற்றப்படும் எலக்ட்ரான்களின் அலைப்பண்பைக் கொண்டு, அதிலுள்ள ஒத்த அணுக்கள் இரண்டின் இடைத்தொலைவை அளப்பது ஒளிஎலக்ட்ரான் குறுக்கீட்டு முறை. இதற்கான கோட்பாட்டை எச். டி. கோஹன், ஊகோ ஃபானோ இருவரும் 1966இல் வெளியிட்டனர். நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒளியை உறிஞ்சும் அளவில் தென்பட்ட ஏற்ற இறக்கங்களே அவர்களைத் தூண்டின.

ஈரணு மூலக்கூறை விட்டு வெளியேறும் எலக்ட்ரான் எந்த அணுவிலிருந்து கிளம்பியது என்று சொல்ல முடியாது. இரு அணுக்களிலிருந்தும் அலைகள் ஒருசேரப் புறப்பட்டு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனைதான் இது. பிளவுகளின் இடத்தில் அணுக்கள் இருக்கின்றன. வாயுவில் மூலக்கூறுகள் கண்டபடி திரும்பிக் கிடந்தாலும் இந்த விளைவு முழுதாக அழிவதில்லை. அலை எண்ணையும் பிணைப்பு நீளத்தையும் பெருக்கி, அப்பெருக்கத்தின் சைன் மதிப்பை அதே பெருக்கத்தால் வகுத்தால் வரும் சிற்றலையாக அது எஞ்சுகிறது. அளவுகளும் நன்றாகவே பொருந்துகின்றன: 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரானின் அலைநீளம் 1.23 ஆங்ஸ்ட்ராம், அசிட்டிலீனில் இரு கார்பன்களின் இடைத்தொலைவு ஏறத்தாழ 1.20.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒளியின் ஆற்றல் கூடக் கூட அயனியாக்க வாய்ப்பு செங்குத்தாகச் சரிகிறது. அந்தச் சரிவில் சிற்றலை கண்ணில் படுவதில்லை. இதற்கான வழி எளிமையானது. இரு அணுக்களின் ஆர்பிட்டால்கள் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் ஒரு மூலக்கூறு ஆர்பிட்டாலும், எதிர்க்கட்டத்தில் சேர்ந்தால் இன்னொன்றும் உண்டாகும். முன்னதில் முகடு வரும் இடத்தில் பின்னதில் பள்ளம். இரண்டின் அளவுகளையும் கூட்டினால் சிற்றலை மறைந்துபோகும். ஒன்றை மற்றதால் வகுத்தால் பொதுவான சரிவு பெருமளவு நீங்கி, சிற்றலை பெரிதாகத் தெரியும்.

2013இல் வெளியான ஓர் ஆய்வு, அசிட்டிலீன், எத்திலீன், ஈத்தேன் மூன்றிலும் கார்பனின் 2எஸ் எலக்ட்ரான்களிலிருந்து உருவாகும் ஆர்பிட்டால்களின் விகிதத்தை 70 முதல் 700 எலக்ட்ரான் வோல்ட் வரையான ஒளியில் அளந்தது. முப்பிணைப்பிலிருந்து ஒற்றைப் பிணைப்புக்கு வரும்போது இடைத்தொலைவு 1.20, 1.34, 1.53 ஆங்ஸ்ட்ராம் என நீள்கிறது. அலைவுகள் அதற்கேற்ப நெருங்குகின்றன. இவ்வழியில் பிணைப்பு நீளத்தை 0.01 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் கணிக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினர்.

வெறும் அளவுகோலாகப் பார்த்தால் இம்முறைக்குத் தனிச்சிறப்பு இல்லை. இத்தகைய சிறு மூலக்கூறுகளின் நீளங்களை நிறமாலையியல் முன்பே இதைவிடத் துல்லியமாகத் தந்துவிட்டது. மேலும், வெளியேறும் எலக்ட்ரானின் கட்டத்தை அயனியின் மின்புலம் மாற்றிவிடுவதால், எளிய சூத்திரம் போதாமல் விரிவான குவாண்டம் கணக்கீடு துணைக்கு வேண்டும். ஆனால், மூலக்கூறில் வேண்டிய அணு இணையை மட்டும் தேர்ந்து அளப்பதும், ஆர்பிட்டாலில் எந்த அணுவின் பங்கு எவ்வளவு என்று அறிவதும் இதில் கைகூடுகின்றன.

குறுக்கீட்டுக் கோலத்தைக் கொண்டு நேரத்தையும் அளந்திருக்கிறார்கள். ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகக் குழு 2020இல் ஹைட்ரஜன் மூலக்கூறின் கோலத்தில் நேர்ந்த சிறு விலகலை ஆராய்ந்தது. ஒளி ஓர் அணுவைத் தொட்டு மற்றதை எட்டும் தாமதம் 247 செப்டோவினாடி வரை என்று அதிலிருந்து கணக்கிட்டது. ஒரு வினாடியைக் கோடி கோடி கோடியால் வகுத்தால் கிடைப்பது ஒரு செப்டோவினாடி.