சாங் கஞ்சிலும் சருகுமானும்

மலாய்ச் சிறார் கேட்டு மகிழும் கதைகளுள் சாங் கஞ்சிலின் கதைகளே தலைசிறந்தவை. ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் அவற்றை நன்கறிவர். அக்கதாநாயகனுக்கு உருவளித்த பிராணி, தமிழ்நாட்டு மலைக்காடுகளில் வாழும் சருகுமானுக்கு உறவு. எடை ஏறக்குறைய 2 கிலோ. கால்களோ பென்சில் போன்றவை. கொம்பு கிடையாது, ஆணுக்கு மட்டும் மேல்தாடையில் இரு கோரைப்பற்கள் நீண்டிருக்கும். இத்துணை எளிய உயிர் புலியையும் முதலையையும் வென்ற வீரனானது எங்ஙனம்?

அரண்மனையார் சொல்லும் கதை ஒன்றுண்டு. மலாக்காவை நிறுவிய மன்னர் வேட்டையாடுகையில், வெள்ளைச் சருகுமான் ஒன்று அவருடைய நாயை உதைத்ததாம். அதனை நன்னிமித்தமெனக் கொண்டு அவ்விடத்தே நகரமைத்தாராம். இதனைக் கூறும் ‘செஜாரா மெலாயு’ 1612-ம் ஆண்டில் ஜொகூரிலே, பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங்கின் பொறுப்பில் உருப்பெற்றது. நகர் தோன்றி இரு நூற்றாண்டுகள் கழிந்தபின் எழுதியது. ஆதலின் யான் இதனைச் சரித்திரமென ஏற்கத் துணியேன். ஆயினும், 1511-ல் போர்ச்சுக்கீசியரிடம் மலாக்காவைப் பறிகொடுத்துப் பின் ஜொகூரில் அரசமைத்த மரபினர்க்கு, வேட்டைநாயை உதைத்த சிற்றுயிரின் நினைவு எத்துணை ஆறுதலாயிருந்திருக்கும்!

குடியானவர் கதையிலோ கஞ்சில் உதைப்பதில்லை, பேசுகிறது. முதலைகளை எண்ணிவரும்படி சுலைமான் அரசரின் கட்டளையென்று சொல்லி, வரிசையாய்க் கிடந்த அவற்றின் முதுகின்மேல் ஆற்றைக் கடக்கிறது. குளவிக்கூட்டைச் சுலைமானின் சேகண்டியென்று காட்டி, புலியை அடிக்கச் செய்து ஓடிவிடுகிறது. பாருங்கள், இரண்டிடத்தும் அதன் ஆயுதம் அரசன் பெயரே! அரசனுக்கும் தலைவனுக்கும் கூலியின்றி உழைக்கவேண்டிய ‘கெராஹ்’ முறையில் வாழ்ந்த மக்கள், அப்பெயரின் வலிமையைத் தம் முதுகால் அறிந்தவர்கள்.

உண்மைச் சருகுமானுக்கு இத்தந்திரம் ஏதும் தெரியாது. புதரில் பதுங்கும், கலங்கினால் பின்கால்களால் நிலத்தை விரைந்து தட்டும். மலாய் வேட்டைக்காரர் உலர்ந்த சருகின்மேல் குச்சியால் தட்டி அவ்வோசையை எழுப்புவர். தன் இனமென்றெண்ணி அது வந்து அகப்படும். கதையிலே ஓசை காட்டிப் புலியை ஏய்த்ததனை, காட்டிலே ஓசை காட்டியே மனிதர் ஏய்த்தனர். கதை சொன்னவரும் சருகைத் தட்டியவரும் ஒரே கம்பத்தார்தாமே!

நம்மவரும் இதற்குப் புறம்பல்லர். 2010-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி லைசென்ஸ் இன்றி இதனைப் பிடித்தல் குற்றம். ஆயினும் செம்பனைக் காட்டோரங்களில் கம்பிக் கண்ணி வைப்போர் உளர். சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்தில் அங்ஙனம் மாண்டுகிடந்த ஒன்றைத் தூக்கி வந்தனர். ஆபீஸ் வாயிலில் நின்ற சிறுவனொருவன், “கிராணி ஐயா, இதுவா சாங் கஞ்சில்?” என்றான். ஆமென்றேன். அவன் அதன் கால்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதற்குப் பேசத் தெரியாதா?” என்று கேட்டான்.